மாதிரிக் கை

ஆபரேஷன் தியேட்டரில் கத்தி பிடிக்கிற எல்லாருக்கும் அண்ணன் பிடித்துவிடுவாரோ என்றுதான் பயம். டாக்டர் பெனிட்டாவுக்கு மட்டும் அண்ணன் பிடிக்கவே மாட்டேன் என்கிறாரே என்று பயம். இதை வெளியே சொன்னால் "உனக்குக் கொழுப்பும்மா" என்பார்கள். அதனால் பல மாதமாக வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

அண்ணன் என்பது ஆள் இல்லை. அதைச் செய்த கம்பெனி அதற்கு வைத்த பெயர் துணைக்கரம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள், தெற்கே இருந்த அந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் யாரும் கிடையாது. சாம்பல் நிறத்தில் மெல்லிசான ஓர் உறை. இரண்டு கையிலும் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் வழக்கமான ரப்பர் கையுறையைப் போட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றுக்குள் போகிற கேமரா காட்டுவதையெல்லாம் அதுவும் பார்க்கும். கை தப்பான இடத்துக்குப் போகிறது என்று அதற்குப் பட்டால் மணிக்கட்டில் இறுகிப் பிடித்து நிறுத்திவிடும். வாசல் தாண்ட விடாமல் தங்கச்சியை மறிக்கிற அண்ணன்மாரைப் பார்த்து நொந்துபோன ஏதோ ஒரு பெண் டாக்டர்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

அதற்கென்று ஒரு பழக்கமும் தியேட்டரில் ஊறிப்போயிருந்தது. வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாத இடம் வந்தால் கருவியை வைத்துவிட்டு ஒரு மூச்சு நிற்க வேண்டும். அண்ணன் பிடிக்கவில்லையா, தாராளமாக வெட்டலாம். பிடித்துவிட்டால் முண்டக் கூடாது. கையை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் விடுகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். "விடுற பக்கம் போ" என்பதுதான் புதிதாக வருகிற பி.ஜி. டாக்டர்களுக்கு முதல் பாடம். அது வந்த பிறகு மேசையிலேயே போகிற உயிர்கள் குறைந்தன. அதை ஒத்துக்கொள்ளாவிட்டால் நாக்கு அழுகிவிடும்.

பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். என்றால் மூன்று வருடம். முதல் வருடம் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், சீழ் எடுப்பதும், திறந்த வயிற்றை அகட்டிப் பிடித்துக்கொண்டு கால் மரத்துப்போக நிற்பதும்தான். இரண்டாம் வருடம் கேமரா. மூன்றாம் வருடம்தான் கத்தி கைக்கு வரும். பெனிட்டாவின் அடையாள அட்டை நாடாவில் எப்போதும் தையல் போடுகிற பட்டு நூல் ஒன்று தொங்கும். மெஸ் வரிசையிலும் லிஃப்ட் வாசலிலும் நிற்கிற நேரமெல்லாம் ஒற்றைக் கையால் அதில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பாள்.

முதல் வருடத்தில் அவள் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. யூனிட் தலைவி டாக்டர் பகவதி, நாற்பத்தைந்து வயது, முன்கோபி. "இழுக்காத, இழுக்காதன்னு எத்தன தடவ சொல்லுதேன்? பித்தப்பை என்ன கிணத்து வாளியா?" என்று தியேட்டரே கேட்கும்படி கத்துவார். அந்த வருடக் கடைசியில் துணைக்கரம் வந்தது. பகவதி மேடம் கத்துவதை நிறுத்திவிட்டார். கண்டிக்கிற வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார், மேடத்துக்கும் தொண்டை வலி மிச்சம்.

அடுத்த வருடம் முழுக்க, பயிற்சிக் கூடத்தில் வெட்டிப் பழகும்போதெல்லாம், அது பெனிட்டாவைப் பிடித்தது. மூன்றாம் வருடம் ஆரம்பித்த கொஞ்ச நாளில் பிடிப்பது குறைந்து, ஒரு கட்டத்தில் அடியோடு நின்றுபோனது. அதுவும் பித்தப்பை ஆபரேஷனில் மட்டும். குடல்வால் எடுக்கும்போது பிடிக்கும். குடலிறக்கம் தைக்கும்போது பிடிக்கும். பித்தப்பைப் பக்கம் போனால் உறை வெறும் துணியாகிவிடும். "உனக்கென்னப்பா, அண்ணனுக்குச் செல்லத் தங்கச்சி" என்று கூடப் படிக்கிற நவாஸ் கிண்டல் செய்தான். மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். அவளோ ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு நிற்பாள், மணிக்கட்டில் ஒன்றும் நடக்காது, இருட்டில் படி இறங்குகிறபோது இன்னும் ஒரு படி இருக்கிறதோ என்று கால் துழாவுமே, அந்த மாதிரி இருக்கும். வெட்டிவிடுவாள். நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போவார். ஆனாலும் தான் செய்தது சரிதான் என்று யார் சொன்னார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அன்றைக்கு ரவுண்ட்ஸில் மறுநாள் ஆபரேஷனுக்கு இருந்த உமையாளின் கட்டிலுக்கு வந்தார்கள். உமையாள் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். பித்தப்பையில் கல். வலி வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொள்வாளாம், வலி போனதும் மறுபடி கிளம்பிவிடுவாளாம்.

"டாக்டரம்மா, எத்தன கல்லு இருக்கும்?" என்றாள்.

"நிறைய இருக்கு. ஒண்ணு கொண்டக்கடலை அளவு இருக்கு."

"எடுத்து எங்கிட்டயே குடுத்துருங்க. வண்டியில சாமி படத்துக்குக் கீழ வச்சுக்கிடுதேன். ஏறுதவன்லாம் பாத்துப் பயந்து வாய மூடிக்கிட்டு வருவான்."

பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். எல்லாரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் உமையாள் பெனிட்டாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். இப்போது குரலில் அந்தத் துடுக்கு இல்லை.

"நீங்கதான பண்ணுவிய? எனக்குப் பயமா இருக்கு டாக்டரம்மா. எம்மவ பத்தாங்கிளாஸு. அவளுக்கு என்ன விட்டா ஆளு கெடையாது."

"பயப்படாதீங்கக்கா" என்றாள் பெனிட்டா. 

நாளைக்கு இவள் வயிற்றுக்குள் போவதற்கு முன்னால் அந்த உறைக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தாள். சாயங்காலம் கறிக்கடைக்குப் போய் ஒரு வாளி நிறைய ஆட்டு ஈரல் வாங்கினாள். கறிக்கடையில் ஈரலைத் தொட்டதும் முதல் வேலையாகப் பித்தப்பையைப் பிரித்து எறிந்துவிடுவார்கள். அது உடைந்தால் ஈரல் முழுக்கக் கசந்துபோகும். "பித்தத்தோட ஈரல் கேக்குற ஒரே ஆளு நீங்கதாம்மா. எப்படித்தான் திங்கியளோ" என்றார் கடைக்காரர்.

பயிற்சிக் கூடத்தில் ஒரு பெட்டி உண்டு. வயிறு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே ஈரலை வைத்து, கேமராவை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே நீளக் கருவிகளால் வெட்டிப் பழகலாம். பெனிட்டா உறையை மாட்டிக்கொண்டாள். முதல் ஈரலில் எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். பிடிக்கவில்லை. இரண்டாவது ஈரலில் வேண்டுமென்றே தப்புச் செய்தாள்.

பித்தப்பை ஆபரேஷனில் பெரிய பயமே ஒன்றுதான். பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் வருகிறது. அதற்குத்தான் கிளிப் அடித்து வெட்ட வேண்டும். அது போய்ச் சேருகிற பெரிய குழாய் ஈரலிலிருந்து குடலுக்குப் போகிறது. அதைச் சின்னது என்று நினைத்து வெட்டிவிட்டால் போயிற்று. பித்தம் வயிற்றுக்குள் கசியும், ஆள் மஞ்சளாகிக் காய்ச்சலில் கிடப்பார், ஆபரேஷன் மேல் ஆபரேஷனாக வாழ்க்கையே ஆஸ்பத்திரியில் ஓடிவிடும். பெனிட்டா அந்தப் பெரிய குழாயில் கிளிப்பை வைத்தாள். ஒரு மூச்சு நின்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அடித்தாள், வெட்டினாள். பச்சையாகப் பித்தம் ஓடியது.

அடுத்த ஈரலை எடுத்தாள். "பிடி" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிடிக்கவில்லை. அதற்கடுத்தது. "பிடியேன், சனியனே, பிடி." வாளி காலியாகிறவரைக்கும் அதே குழாயை, அதே இடத்தில் வெட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அழுகை வந்துவிட்டது. அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, உறை செத்துவிட்டது, வேறொன்றுமில்லை, நாளைக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அவசர வார்டில் குடல் ஓட்டையோடு ஒருவர் வந்து அவளை மாட்டவைத்துவிட்டார். அவரை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு தியேட்டர் மாடிக்கு ஏறியபோது, உறைகளைப் பராமரிக்கிற கம்பெனி என்ஜினியர் கதிரேசன் நடைபாதையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோயமுத்தூர்க்காரன், மரியாதை தெரிந்தவன்.

"கதிரேசன், என்னோடது செத்துப்போச்சு. வேற குடுங்க."

அவன் அவளுடைய உறையில் ஒரு வயரைச் செருகிப் பார்த்தான். "நல்லாத்தானுங்களே மேடம் இருக்குது."

"பித்தப்பையில பிடிக்கவே மாட்டேங்குது. நேத்து லேப்ல வேணும்னே பெரிய குழாயை வெட்டிப் பாத்தேன். ஒரு வாளி ஈரல் காலி. ஒரு தடவைகூடப் பிடிக்கல."

கதிரேசனுக்கு முகம் செத்துப்போனது. நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான்.

"ஒரு வாளியுங்களா?"

"ஏன்?"

"இதை நான் உங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்க. எனக்கு வேலை போயிரும்." பெட்டியை மூடினான். "அது எதை வெச்சுத் தப்பு, சரின்னு சொல்லுதுன்னு நெனைக்கறீங்க? புஸ்தகத்தை வெச்சு இல்லீங்க. ஒரு கையை வெச்சுத்தான். எந்தக் கை ரத்தம் சிந்தாம, சீக்கிரமா, சுத்தமா வேலை செய்யுதுன்னு எல்லா ஊர்லயும் பாத்து, அதுல ஒண்ணை மாதிரியா எடுத்துக்கும். மத்தவங்க கை அதுல இருந்து விலகுனா பிடிக்கும். குடல்வாலுக்கு ஒரு கை, குடலிறக்கத்துக்கு ஒரு கை. பித்தப்பைக்கு ஆறு மாசமா நீங்கதானுங்க மேடம்."

பெனிட்டா தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க கை உங்க கையில இருந்தே எப்படிங்க விலகும்? அதான் பிடிக்கல."

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னாக் கை மாறிப்போயிருமுங்க. எல்லாரும் நம்மளப் பாத்துத்தான் செய்யறாங்கன்னு தெரிஞ்சா கை நடிக்க ஆரம்பிச்சுரும். அதனால மாதிரிக் கை யாருன்னு அந்த ஆளுக்கே தெரியக் கூடாதுன்னு கம்பெனிக் கமிட்டியில எழுதி வெச்சிருக்காங்க."

"சரி, நேத்து லேப்ல செஞ்சது?"

"லேப்ல செய்யறதும் சேருமுங்க."

"அது ஆட்டு ஈரல் கதிரேசன்!"

"அதுக்குக் குழாய் குழாய்தானுங்களே. கடைசியாச் செஞ்சதுக்குத்தான் எடை ஜாஸ்தி." அவன் குரல் இறங்கிவிட்டது. "விடியக்காலைல எல்லா ஊருக்கும் போயிருக்குமுங்க."

பெனிட்டா தியேட்டர் கதவுக்கு மேல் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் கேஸ் உமையாள். தனக்காகக் காத்திருக்காமல் பகவதி மேடமே ஆரம்பித்துவிட்டார் என்று புரிந்தது. இனி சரியான இடத்தில் கிளிப் வைக்கிற கையை உறை பிடிக்கும். பிடித்தால் என்ன செய்வார்கள்? விடுகிற பக்கம் போவார்கள். அது விடுகிற பக்கம் எது என்று உள்ளே இருக்கிற யாருக்கும் தெரியாது.

ஓடினாள். முகமூடியின் ஒரு கயிறு கட்டாமல் தொங்கியது. உள்ளே விளக்கை அணைத்துத் திரை வெளிச்சத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. நவாஸ் கேமரா பிடித்திருந்தான். பகவதி மேடத்தின் வலது கை அப்படியே விறைத்து நின்றது.

"என்னடே இது, சரியான இடத்துலதான வச்சேன்? அண்ணனுக்கு இன்னைக்கு என்ன கோவம்?"

"விடுற பக்கம் போங்க மேடம்" என்றான் நவாஸ்.

மேடம் கையை லேசாக அசைத்தார். திரையில் கருவியின் முனை சின்னக் குழாயிலிருந்து நழுவி, கீழே தடித்த குழாயின் மேல் போய் உட்கார்ந்தது.

"ம், விட்டுட்டாரு. அப்ப இதுதான் போல. நாந்தான் மாத்திப் பாத்துட்டேன்." கருவி வாயைத் திறந்தது. மேடம் ஒரு மூச்சு நின்றார்.

"அடிக்காதீங்க மேடம்!"

தியேட்டரில் யாரும் அப்படிக் கத்துவதில்லை. சிஸ்டர் புஷ்பம் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"யாரது? கையக்கூடக் கழுவாம உள்ள வந்து நின்னுக்கிட்டு..."

"அது பெரிய குழாய் மேடம்."

"அண்ணன் பிடிக்கலையே?"

"அது அண்ணன் இல்ல மேடம். அது நான்" என்றாள் பெனிட்டா. 

மூச்சு வாங்க, முன்னும் பின்னுமாக, கதிரேசன் சொன்னதையும் நேற்றுத் தான் செய்ததையும் சொல்லி முடித்தாள். பகவதி மேடம் கருவியை வெளியே உருவினார். திரையை வெகுநேரம் பார்த்தார்.

"நான் அடிச்சிருப்பேன்ல?"

"ஆமா மேடம்."

"மொதல்ல வச்ச எடந்தான் சரி. எனக்குத் தெரியும். தெரிஞ்சே போனேனே."   

கதிரேசன் கதவருகில் வந்து நின்றான். "எல்லாத்தையும் நிறுத்துய்யா" என்று மேடம் அவன்மேல் பாய்ந்தார்.

"நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லீங்க. கமிட்டி கூடணும். கூப்பிட்டுட்டேன், மீட்டிங்ல இருக்காங்கன்னு சொல்றாங்க."

தெரிந்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போடச் சொன்னார் மேடம். சிஸ்டர் புஷ்பமும் மயக்க மருந்து டாக்டர் ஹமீதாவும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டார்கள். ஓரிடத்தில் எடுத்து, "எங்களுக்கும் காலையிலேருந்து மக்கர்தான் பண்ணுது, நிறுத்திடறோம்" என்றார்கள். மற்றதெல்லாம் அடித்துக்கொண்டே இருந்தன. ஆபரேஷன் நடக்கிற வேளையில் யார் போன் எடுப்பார்கள்? எந்தெந்த ஊரில் எத்தனை மேசையில் பித்தப்பை திறந்து கிடக்கிறதோ.

"ஒரே ஒரு வழி இருக்குதுங்க" என்றான் கதிரேசன். "நிறுத்தத்தான் எனக்கு அதிகாரம் இல்லை. மாதிரிக் கை புதுசா ஏதாவது செஞ்சா, அதை உடனே அனுப்பறதுக்கு இருக்குது. இனி ஈரல் வாங்கி வர நேரமில்லீங்க. பெனிட்டா மேடம் இப்பவே உறையைப் போட்டுக்கிட்டு, சரியான இடத்துல, உயிருள்ள ஆளுக்குச் செஞ்சாங்கன்னா அந்த நிமிஷமே அனுப்பிருவேன். நேத்து செஞ்சது பின்னால போயிரும்."

எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். பச்சைத் துணிகளுக்கு நடுவில் உமையாளின் வயிறு மட்டும் தெரிந்தது.

"அதெப்படி?" என்றார் பகவதி மேடம். "நான் உறையக் கழட்டி எறிஞ்சிட்டு, திறந்து, பழைய மாதிரி முடிச்சிட்டுப் போயிருவேன். இவ பத்திரமா வீட்டுக்குப் போவா. இவ வயித்துல வச்சு நான் ஊருக்கெல்லாம் பாடம் நடத்தணுமா? இவகிட்டக் கேட்டோமா?"

 அடிக்கிற போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஹமீதா அதைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "எடுக்க மாட்டேங்கிறாங்க பகவதி" என்றார். கண் கலங்கியிருந்தது.

மேடம் பெனிட்டாவைப் பார்த்தார். "செய்வியா?"

"பயமா இருக்கு மேடம்."

"எனக்கு மட்டும் என்ன? போ, கையக் கழுவிட்டு வா."

கை கழுவுகிற தொட்டி முன்னால் நின்று முழங்கை வரை தேய்த்தாள். உமையாள் கோட்டைப் பிடித்து இழுத்தது நினைவுக்கு வந்தது. இந்தக் கையைத்தான் கேட்டாள் அவள். இந்தக் கை நேற்று என்ன செய்தது என்று தெரிந்தால் கேட்டிருப்பாளா?

மேடம் தன் உறையைக் கழற்றிவிட்டுப் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

"தப்பாப் போனாப் பிடிச்சுருங்க மேடம்."

"என் கை பட்டா அதையும் ஒன் கைன்னு எழுதிக்கிடும். நான் தொட மாட்டேன். வாயால சொல்லுதேன்."

பெனிட்டா கருவிகளை வாங்கிக்கொண்டாள். பித்தப்பையைப் பிடித்துத் தூக்கினாள். சுற்றியிருந்த கொழுப்பை நூல் நூலாகப் பிரித்தாள். திரையில் ஒரு குழாய் தெரிந்தது. கிளிப்பை வாங்கி வைத்தாள். பழக்கம் விடவில்லை, ஒரு மூச்சு நின்றாள். மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. இனி எப்போதும் ஒன்றும் இருக்காது என்பதும் தெரிந்தது.

"இதுதான மேடம்?"

பகவதி மேடம் திரையை உற்றுப் பார்த்தார். "அப்படித்தான் தெரியுது. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். ரெண்டு வருஷமா என் கண்ண நம்பி நான் வெட்டல பெனிட்டா."

அவள் நின்றாள். அடிக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.  நவாஸின் கேமரா லேசாக ஆடியது. இதுவா அதுவா, இதுவா அதுவா என்று மனசு அடித்துக்கொண்டது. இத்தனை பேருக்கு இப்படித்தானே அறுத்தேன், ஒருநாள்கூட இப்படிப் பார்க்கவில்லையே என்று நினைத்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. உமையாளின் இதயத்துடிப்பைச் சொல்லுகிற மெஷின் மட்டும் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்படியே, மரம் மாதிரி, நின்றாள்.

பிறகு, கிணத்து வாளியா என்று மேடம் கேட்டது எங்கிருந்தோ காதில் விழுந்தது. இடது கையைப் பார்த்தாள். பித்தப்பையை இழுத்துப் பிடித்திருந்தது. எப்போதும் பிடிக்கிற பிடிதான். கொஞ்சம் தளர்த்தினாள்.

திரையில் அந்தக் குழாய் சரிந்து இரண்டானது. மேலே ஒன்று, சின்னதாக. கீழே, அதுவரை அதனோடு சேர்ந்து நேராக நின்றிருந்த தடித்த குழாய், தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. கிளிப்பின் ஒரு முனை அதன் விளிம்பில்தான் இருந்தது.

"ஏ, அம்மா" என்றார் பகவதி மேடம்.

அவள் இழுத்த இழுப்பில் இத்தனை நாளும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. இத்தனை பேரும் மயிரிழையில்தான் தப்பியிருக்கிறார்கள், அப்படித் தப்பினார்களா என்பதும் தெரியாது. அதை நினைக்க இப்போது நேரம் இல்லை. கிளிப்பை மேலே கொண்டுபோய், பின்பக்கமும் பார்த்து, பித்தப்பைக்குள் போகிறது இதுதான் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு அடித்தாள். வெட்டினாள். பித்தம் வரவில்லை.

"அனுப்பிட்டேனுங்க" என்று கதிரேசன் கதவருகிலிருந்து சொன்னான்.

பித்தப்பையை வெளியே எடுத்துக் கிண்ணத்தில் போட்டபோது கற்கள் கலகலவென்று ஒலித்தன. சிஸ்டர் புஷ்பம் அந்தக் கொண்டைக்கடலையைக் கழுவி ஒரு சின்னப் புட்டியில் போட்டு உமையாளின் பெயரை ஒட்டினார். பெனிட்டா வெளியே வந்து சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதிரேசன் வந்து எதிரில் நின்றான். 

"சொல்லுங்க" என்றாள்.

"நாம அனுப்பறதுக்கு முன்னாலயே ஒரு இடத்துல பெரிய குழாயை வெட்டி முடிஞ்சுருச்சுங்க மேடம்."

"எந்த ஊரு?"

"சொல்லக் கூடாதுங்க."

"ஆம்பளையா, பொம்பளையா? அதையாவது சொல்லுங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பெனிட்டா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவன் போகாமல் பக்கத்திலேயே நின்றான். கமிட்டி கூடி வேறொரு கையைத் தேர்ந்தெடுக்கும்வரை பித்தப்பைக்கு அவள்தான் என்பதையும் அவன் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான்.

மத்தியானம் அடுத்த பித்தப்பை நவாஸுக்கு. உறை எப்படி இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன், எதையும் அடிக்காதே, வைத்து மட்டும் காட்டு என்று பகவதி மேடம் சொல்லியிருந்தார். பெனிட்டா கேமரா பிடித்தாள். நவாஸ் கொழுப்பைப் பிரித்துக்கொண்டு போய்க் கிளிப்பைச் சின்னக் குழாயில் வைத்தான். வைத்ததும் கை விறைத்தது.

"பிடிச்சுருச்சு" என்றான். அசைத்துப் பார்த்தான். "மேடம், எந்தப் பக்கமும் விட மாட்டேங்குது. மேலயும் விடல, கீழயும் விடல."

"கெட்டுப்போச்சோ?" என்றார் சிஸ்டர் புஷ்பம்.

பெனிட்டா திரையைப் பார்த்தாள். அந்த இடம் அவளுக்குத் தெரியும். காலையில் அவள் நின்ற இடம்.

"கெடல சிஸ்டர். இரு நவாஸ், முண்டாத. விடும்."

"எப்ப விடும்?"

"நான் காலைல அங்க நின்ன நேரம் வரைக்கும் விடாது."

"அவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"பயந்துக்கிட்டு இருந்தேன்."

 எல்லாரும் நின்றார்கள். இப்போது எத்தனை ஊரில், எத்தனை தியேட்டரில் ஆட்கள் இப்படிக் கை விறைத்து நிற்கிறார்களோ என்று பெனிட்டா நினைத்தாள். நிற்கிறவர்கள் இரண்டாம் தடவை பார்ப்பார்கள். அது நல்லதுதான். ஆனால் அந்த இடத்தில் ரத்தம் பீறிட்டால்? நிற்க நேரமில்லாத ஒரு நோயாளி வந்தால்? அப்போதும் அவளுடைய பயம் அவர்கள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்குமே. சரி, நாளைக்கு அவளுக்கே பயம் விட்டுப்போனால்? எல்லாரும் தன்னைப் பார்த்துத்தான் செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்ட கை நாளைக்கு என்னவெல்லாம் நடிக்கும்?

நவாஸின் இடது கை, உறை விட்ட பக்கமாக, தன்னை அறியாமலே, பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. குழாய்கள் இரண்டாகப் பிரிந்து விழுந்தன. மணிக்கட்டு இளகியது. அவன் பெருமூச்சு விட்டுத் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

"விட்டுட்ட" என்றான்.

கேமராவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பெனிட்டா தன் வலது மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கே பிடிப்பதற்கு யாரும் இல்லை.